கைதட்டும் போன்

அந்தக் கிடங்கில் பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் தினமும் மத்தியானம் கைதட்டல் கிடைத்துக்கொண்டிருந்தது.

பழைய பாட்டில் கிடங்கு அது. ஊரார் குடித்துப் போட்டது, தலையில் தடவிப் போட்டது, நோய்க்கு விழுங்கிப் போட்டது என்று சகலமும் சாக்கு சாக்காக அங்கே வந்து இறங்கும். முதலில் நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பழுப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். பிறகு வாயோரம் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவ வேண்டும். கீறல் விழுந்தது கண்ணுக்கு அகப்படாது. ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் மெல்லத் தட்டினால் நல்லது ணங்கென்னும். கீறியது டொக்கென்று செத்த சத்தம் போடும். அதற்கப்புறம்தான் சோடாக்காரம் கலந்த வெந்நீர்த் தொட்டி, பிரஷ், நல்ல தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்து அடுக்குவது எல்லாம். அந்தக் காரத்தில் ஒரு வருஷம் கைவிட்டவளுக்கு விரல் நுனியில் ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

பொடிசு அம்மா அங்கே ஒன்பது வருஷமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தாள். பொடிசு அவளுடைய ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. புருஷன் கடைத்தெருவில் வெல்டர். நான் அப்போது அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். நடுவில் ஒற்றைக்கல் சுவர்; அவர்கள் தும்மினால் நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். இதில் பாதி அந்தச் சுவர் வழியாகக் கேட்டது, மீதி அவளே பின்னாளில் என்னிடம் சொன்னது. இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதில் யாருக்கும் கெடுதல் வராது என்றுதான் நினைக்கிறேன்.

போன் வந்த கதை இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். பெரிய சாருக்கு எந்நேரமும் ரிஜிஸ்டரும் மீட்டிங்கும். மிச்சம் ஒரே ஒரு டீச்சர். அதற்காக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள். படிப்புக்கு மட்டுமான போன். யாரோடும் பேச முடியாது, படம் பார்க்க முடியாது. திறந்தால் ஒரு பெண் குரல் கொஞ்சிக் கொஞ்சிப் பாடம் சொல்லும். எழுத்துகளைக் காட்டி எது என்று கேட்கும். சரியானதைத் தொட்டால் ஒரு கூட்டமே கைதட்டும். தப்பானதைத் தொட்டால் "ம்ஹூம்" என்னும், அவ்வளவுதான். பத்துத் தடவை தப்புச் செய்தாலும் அதற்குக் கோபம் வராது. மூலையில் ஒரு விளக்குப் படம். அன்றைய பாடம் முடிந்தால் எரியும். சேர்ந்தாற்போல் மூன்று நாள் எரியாவிட்டால் போனைத் திருப்பி வாங்கிவிடுவோம் என்று கொடுத்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே ஓடிவிடும். கிடங்கு மேட்டில், டவருக்கு நேர் எதிரே. ஆகவே பொடிசு பள்ளிக்கூடம் விட்டதும் மேடேறி வந்து, கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து பாடத்தை முடித்துவிட்டு அம்மாவோடு வீட்டுக்கு இறங்குவாள். மழைக்காலம் வந்தது. ஒருநாள் பிள்ளை சேற்றில் வழுக்கிக் கண்ணாடிச் சில்லின் மேலேயே விழுந்துவிட்டாள். முழங்காலில் நான்கு தையல். இரண்டு நாள் விளக்கு எரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அம்மாக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தாள்.

விரலை வைத்தால் போன் அசையவே இல்லை. தேய்ந்த தோல் அதற்கு ஆளாகவே தெரியவில்லை. கடைசியில் சுண்டுவிரலை மடக்கி, முட்டியால் அழுத்தினாள். எதிரில் உட்கார்ந்திருந்தவள் ஆறாவது வரைக்கும் படித்தவள். வாய் ஓயாது, அதனால் கிடங்கில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோதான் எட்டிப் பார்த்து, "அக்கா, அது இல்ல, பக்கத்துல கொம்பு வச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, அவனைத் தொடு" என்றாள். தொட்டாள். கைதட்டல் அந்தத் தகரக் கூரையெங்கும் கேட்டது. மற்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தையல் பிரித்ததும் நிறுத்தியிருக்கலாம். மழை விடவில்லை என்பது ஒரு சாக்கு. மழை விட்டபின் வெயில் என்பது இன்னொரு சாக்கு. உண்மை என்னவென்றால், பிறந்ததிலிருந்து அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை. வேகமாகச் செய்தால் "பரவாயில்லையே" என்பார்கள், பாட்டில் உடைந்தால் திட்டுவார்கள், அவளுக்குத் தெரிந்த பாராட்டும் வசவும் அவ்வளவுதான். முதலில் ரேடியோவைக் கேட்டுக் கேட்டு அழுத்தினாள். இரண்டு மாதத்தில் கேட்பது குறைந்தது. அப்புறம் கேட்கவே இல்லை. பொடிசுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. மேடேறும் வேலை இல்லை, போன் எங்கே என்று அவள் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், டீச்சர் மேடேறி வந்தார். செருப்பெல்லாம் புழுதி.

"பொடிசு அம்மா, கையைத் துடைச்சிட்டு வாங்க. ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி."

"ஐயோ டீச்சர், இந்த வெயில்ல ஏன் வந்தீங்க? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. தண்ணி குடிக்கிறீங்களா?"

டீச்சர் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

"நாப்பத்திரண்டு பள்ளிக்கூடத்துல போன் குடுத்திருக்காங்க. அத்தனை பிள்ளைங்கள்ல உங்க பொண்ணுதான் முதல். எட்டு மாசமா ஒரு நாள்கூட விளக்கு அணையலையாம். போன் பாடத்துல நாலாம் படிக்கு வந்துட்டாளாம்."

ரேடியோ பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டாள். பொடிசு அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அது நல்ல சேதியா டீச்சர்?"

"அதான் நல்ல சேதி. வியாழக்கிழமை ஆபீசர் அம்மா நேர்ல வர்றாங்க. இவளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. போனை வச்சே பிள்ளைங்க படிச்சிடும்னா இங்க ரெண்டாவது ஆள் எதுக்குன்னு, என்னை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. உத்தரவு எழுதித் தயாரா இருக்கு. கையெழுத்துதான் பாக்கி."

"அப்ப பிள்ளைங்களுக்கு யாரு?"

"போன்தான். பெரிய சார் பார்த்துக்குவாரு."

பெரிய சார் எதைப் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பேருக்குமே தெரியும். தொட்டியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை," என்றார் டீச்சர். "என் முன்னால உட்கார்ந்தா அவளுக்கு ரெண்டெழுத்து சேர்த்து வாசிக்க வரலை. ஒரு மாசமாத்தான், மத்தியானம் தனியா உட்கார வச்சுச் சொல்லிக்குடுக்கறேன். இப்பத்தான் கொஞ்சம் வாயைத் திறக்கறா. இன்னும் ஒரு வருஷம் கிடைச்சா நிமிர்ந்துடுவா. வீட்ல போன்ல நல்லா வாசிக்கிறாளா?"

பொடிசு அம்மா கையை மறுபடியும் முந்தானையில் துடைத்தாள். "வாசிக்கிறா டீச்சர்," என்று மென்று விழுங்கினாள்.

"அப்ப என்கிட்டத்தான் பயம்போல. சரி, வியாழக்கிழமை அவ வாசிக்கலைன்னாலும் ஒண்ணும் மாறாது. புது ஆளைப் பார்த்துப் பயந்துடுச்சுன்னு சொல்லிடுவாங்க. எட்டு மாசத்துப் பதிவு அவங்க கையில இருக்கு. மிஷின் பொய் சொல்லாதில்ல?"

டீச்சர் இறங்கிப் போனதும் ரேடியோ வாயைத் திறந்தாள். அவளால் மூடிவைக்க முடிகிற காரியமா அது?

"மிஷின் பொய் சொல்லாதாம்! அக்கா, மிஷின் என்ன பண்ணும், நாம சொன்னதைத்தானே சொல்லும். பேசாம அன்னைக்குப் பிள்ளைக்கு வயித்துவலின்னு சொல்லிடு."

"வயித்துவலின்னா டீச்சர் இருந்துடுவாங்களா?"

"இருக்கமாட்டாங்கதான்."

"அப்புறம் என்ன யோசனை சொல்ற? வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

அன்றைக்கு அவள் கையில் மூன்று பாட்டில் உடைந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரே நாளில் மூன்று உடைந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைக்கக்கூட இல்லை. சோப்பு உறையை எடுத்துப் பிள்ளை முன்னால் நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"சோப்பு!" என்றாள் பொடிசு, பளிச்சென்று.

உறையில் சோப்புப் படம் இருந்தது. அம்மா படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, கீழே இருந்த வேறொரு வரியைக் காட்டினாள்.

"இது?"

பொடிசு அந்த வரியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி வரியைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "விரலை எடும்மா," என்றாள் கடைசியில்.

அம்மா விரலை எடுக்கவில்லை. அந்த விரலை வெட்டிப் போட்டால் தேவலாம்போல இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தட்டுத் தடுமாறியாவது படித்துக்கொண்டிருக்க, தன் பிள்ளையின் எட்டு மாதத்தைத் தானே உட்கார்ந்து தின்றுவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெல்டர் வரும்போதே உற்சாகமாக வந்தார். நாள் முழுக்கத் தீப்பொறி பார்த்த கண் சிவந்திருந்தது, வாயெல்லாம் பல்.

"ஏய், கேட்டியா? நாப்பத்திரண்டு ஸ்கூல்ல நம்மாளு முதல்! பெரிய சாரே பட்டறைக்கு வந்து கை குடுத்துட்டுப் போறாரு. பட்டறையில எல்லாருக்கும் இன்னைக்கு என் டீ. எங்க அந்தக் கலெக்டரு? வாடி இங்க!"

பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சுவரில் போன மாதம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த நட்சத்திரச் சான்றிதழ் ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுக்காட்டி அவளை ஒரு சுற்று சுற்றினார்.

"இறக்கி விடுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் மனைவி. பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பிள்ளை வந்து என் மனைவியோடு கீரை ஆய உட்கார்ந்தாள். சுவர் தன் வேலையைச் செய்தது.

முதலில் வெல்டர் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எட்டு மாசமா?"

"ஆமா."

"எட்டு மாசமா நீ அழுத்தினியா? உனக்கு என்னடி தெரியும்? 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?"

"பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சுங்க. பாட்டில் பார்க்கிறோமில்ல, அந்த மாதிரி."

"ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன்டி! இனிமே பட்டறையில நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

"தலையைப் பத்தி அப்புறம் பேசலாங்க. டீச்சரை மாத்தப் போறாங்க. பிள்ளைக்கு ஒரு எழுத்து வரலை. டீச்சர் போயிட்டா அவ்வளவுதான், நான் இருக்கிற மாதிரியே அவளும் பாட்டில் கழுவ வேண்டியதுதான். நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லு! நல்லா சொல்லு! கவர்மென்ட்டை ஏமாத்தினோம்னு நீயே போய்ச் சொல்லு, மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க." குரல் இறங்கியது. "இங்க பாரு. ஆபீசர் எதை வாசிக்கச் சொல்லும்? நாலாம் படியில இருக்கிற பாடத்தைத்தான். அது மொத்தமே எட்டு வரி. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நான் அவளுக்கு வாயில ஏத்திடறேன். மானமாவது மிஞ்சும். டீச்சர் எல்லாம் வருவாங்க, போவாங்க. அவங்க என்ன நமக்குச் சொந்தமா?"

அப்புறம் பாத்திரங்கள் பேசிய சத்தம்தான் கேட்டது.

செவ்வாயும் புதனும் விளக்கு வைத்த நேரத்தில் அந்த எட்டு வரி சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று ஆற்றைக் கடக்கிற கதை. சிக்னல் எட்டிப் பார்த்த நேரத்தில் திறந்துவைத்த பாடத்தை வெல்டர் வாசிப்பார், பொடிசு திருப்பிச் சொல்லுவாள். மறக்கிற இடத்தில் அவர் தொடையைத் தட்டி, "தாவி... தாவி..." என்பார், பிள்ளை "தாவிக் குதித்தது" என்று பிடித்துக்கொள்ளும். கெட்டிக்காரப் பிள்ளை, அதில் சந்தேகமில்லை. புதன்கிழமை சாயங்காலம் எனக்கே அந்த எட்டு வரியும் பாடம் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் குழாயடியில் தலை வாரிவிடும்போது அம்மா கேட்டாள்: "உனக்கு டீச்சர் பிடிக்குமா, போன் பிடிக்குமா?"

"போன் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா தப்புன்னா ம்ஹூம்னு சொல்லும். ஏன் தப்புன்னு கேட்டா அதுக்கும் ம்ஹூம்தான்." பொடிசு தலையைத் திருப்பினாள்; அம்மா பிடித்து நேராக்கினாள். "டீச்சர் என் விரலைப் பிடிச்சு எழுத்து மேலேயே நடத்துவாங்க. அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பாங்க, நானா சொல்ற வரைக்கும். நேத்து மூணு வார்த்தை நானே சொன்னேன்."

"எந்த மூணு?"

"மரம், படகு, இன்னொண்ணு... மறந்துடுச்சு. அம்மா, வலிக்குது, மெதுவா பின்னு."

பின்னலை எத்தனை இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பத்து மணிக்கு வானம் கறுத்தது. அந்த மாதத்தில் மழைக்கு வேலையே இல்லை. இருந்தும் பதினொன்றுக்குப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் பெஞ்சுகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். தகரக் கூரையில் விழுந்த மழைக்கு எல்லாரும் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு நானும் ஜன்னலோரம் நின்றேன்.

ஆபீசர் அம்மா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். நனைந்த செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். யார் கொடுத்த டீயையும் குடிக்காமல், முதலில் ஒரு போட்டோவை எடுத்து எல்லார் கையிலும் கொடுத்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். முப்பத்தோரு பிள்ளைங்க. ரெண்டு வருஷமா ஒரு வாத்தியாரும் இல்லை. அங்க போன் குடுக்கலாம்னா கரண்ட்டும் இல்லை, சிக்னலும் இல்லை. இங்க ரெண்டும் இருக்கு. அதனாலதான் கேக்கறேன். இங்க போன் போதும்னா, இந்த டீச்சரை அங்க அனுப்பலாம். யாருக்கும் கெடுதல் பண்ண நான் வரலை."

போட்டோ பொடிசு அம்மா கைக்கும் வந்தது. பிள்ளைகள் ஒரு சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்வரிசையில் பொடிசு வயதில் ஒரு பெண், பெரிய சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கி நேராகப் பார்த்தது. பொடிசு அம்மா அதை அடுத்தவரிடம் கொடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண்தான் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பொடிசைக் கூப்பிட்டார்கள். ஆபீசர் போனைத் திறந்து, நாலாம் படிப் பாடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிள்ளை ஒரு தடவை அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். ஆட்டுக்குட்டி ஆற்றங்கரைக்கு வந்தது, பயந்தது, தாவிக் குதித்தது, அக்கரை சேர்ந்தது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. அறையே கைதட்டியது. வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனப்பாடம் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். டீச்சரும் கைதட்டினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆபீசர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"அவ வாசிக்கலைங்க."

யார் சொன்னது என்று எல்லாரும் தேடினார்கள். பொடிசு அம்மா எழுந்து நின்றிருந்தாள். முந்தானை நுனியைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது மனப்பாடம். ரெண்டு நாளா சொல்லிக்குடுத்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எட்டு மாசமா போன்ல பாடத்தை முடிச்சது நானுங்க. விளக்கு அணைஞ்சா போனைப் பிடுங்கிடுவீங்கன்னு பயந்து ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்தலை. பிள்ளை மேல தப்பு இல்லை. டீச்சர் மேலயும் இல்லை. டீச்சர்கிட்ட உட்கார்ந்த ஒரு மாசத்துலதான் அவ நாலு வார்த்தை கத்துக்கிட்டா. டீச்சரை மட்டும் அனுப்பிடாதீங்க."

வெல்டர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பெரிய சார் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஆபீசர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

ஆபீசர் கோபப்படவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஆர்வமாக முன்னால் சாய்ந்தார்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லைங்க."

"ஒரு நாள்கூட?"

"இல்லைங்க."

"நாலாம் படி வரைக்கும் நீங்களா வந்தீங்க? யார் சொல்லிக்குடுத்தா?"

"முதல்ல கூட வேலை செய்யறவ சொன்னா. அப்புறம்... நானாத்தான்."

ஆபீசர் முகம் மலர்ந்தது. பெரிய சார் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா சார்? நான் நாலு வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன். பள்ளிக்கூடமே போகாத ஒரு அம்மா எட்டு மாசத்துல போனை வச்சு வாசிக்கக் கத்துக்கிட்டா, இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? பிள்ளை கையில இருந்திருந்தா பிள்ளையும் கத்துக்கிட்டிருக்கும். கோளாறு போன்ல இல்லை."

டீச்சரைக் காப்பாற்ற வாயைத் திறந்து, அந்த வாயாலேயே அவரை அனுப்பப் பார்த்திருக்கிறோம் என்று பொடிசு அம்மாவுக்குப் புரிந்தது.

"பயப்படாதீங்க," என்றார் ஆபீசர். ஒரு தாளை இழுத்து, ஒரு கணம் கூரையைப் பார்த்து யோசித்து, பெரிய பெரிய எழுத்தாக ஒரு வரி எழுதினார். "இது போன்ல இல்லாதது. இப்ப நான் எழுதினது. மெதுவா வாசிங்க. அவசரமில்லை."

தாள் அவள் கைக்கு வந்தது.

எழுத்துகள் நின்றன. முதல் எழுத்து இன்னது என்று தெரிந்தது. அதையடுத்து நிற்பது இன்னது என்று தெரிந்தது. இரண்டும் சேர்ந்து காதுக்குள் ஒலித்தன. அடுத்தது. அதற்கடுத்தது. யாரும் கொஞ்சிச் சொல்லவில்லை, படம் இல்லை. பேனாவால் எழுதிய வெறும் கோடுகள். அவை தாமாக ஒரு பேச்சாகி அவளிடம் வந்தன: இந்தக் கூரையில் மழை பலமாகப் பெய்கிறது.

தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கப் போனாள். கழுத்து பாதி எழும்பிவிட்டது. அப்படியே நிறுத்தித் தாளின் மேலேயே கண்ணை ஊன்றிக்கொண்டாள். தலைக்கு மேல் மழை கொட்டுகிறது, கையில் அதே மழை எழுத்தாக இருக்கிறது, அது தனக்குத் தெரிகிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக நெஞ்சுக்கு வந்தன என்று என்னிடம் சொன்னாள். அந்த அறை முழுக்கக் கைதட்டும். போன் தட்டுவதல்ல, ரத்தமும் சதையுமான ஆட்கள் தட்டுவார்கள். வெல்டர் தலையை நிமிர்த்துவார். மலைக்கு அந்தப் பக்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணுக்கு ஒரு டீச்சர் கிடைப்பார். வாயைத் திறந்து ஐந்தே வார்த்தை சொன்னால் போதும்.

ஓரத்தில் பொடிசு நின்றிருந்தாள், டீச்சர் புடவையைப் பிடித்துக்கொண்டு.

"தெரியலைங்க," என்றாள் பொடிசு அம்மா.

"ஒரு வார்த்தை? முதல் வார்த்தை மட்டும்?"

"தெரியலைங்க. போன்ல படம் மாதிரி ஞாபகம் வச்சு அழுத்தினேன். நாங்க பாட்டில் பிரிக்கிற மாதிரி. இது வேற மாதிரி இருக்கு. எனக்கு எழுத்து தெரியாதுங்க."

ஆபீசர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் தாளை நீட்டினாள். கை நடுங்கியது; அவமானத்தில் நடுங்குகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"சரி," என்றார் ஆபீசர் கடைசியில். தாளை வாங்காமல் பேனாவை மூடினார். ஒரே நாளில் வயது ஏறியவர்போல இருந்தார். "அப்ப போன் யாருக்கும் எதுவும் சொல்லித்தரலை. டீச்சர் இங்கேயே இருக்கட்டும். போனையெல்லாம் சேர்த்துக் கட்டி வைங்க சார், சாயங்காலம் வண்டி வரும்." மேஜையின் மேல் சுற்றி வந்து சேர்ந்திருந்த போட்டோவை எடுத்து, நனையாமல் இருக்க ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

டீச்சர் வந்து பொடிசு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என்னவோ சொன்னார், மழையில் எனக்குக் கேட்கவில்லை. வெல்டர் யாரையும் பார்க்காமல் பட்டறைக்குப் போய்விட்டார். அவர் மனைவியோடு சகஜமாகப் பேச ஒரு மாதம் ஆயிற்று. பேச ஆரம்பித்த பிறகும் அவள் அந்த ஐந்து வார்த்தையை அவரிடம் சொல்லவில்லை.

தூறல் விட்டதும் அம்மாவும் மகளும் வாசலுக்கு வந்தார்கள். தாள் அவள் கையிலேயே இருந்தது. பொடிசு அதை இழுத்து வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நிஜமாவே தெரியாதா?"

"தெரியாதுடி," என்றாள் அம்மா. "நாளைக்கு டீச்சர்கிட்ட கேளு."